பரங்கிக்காயும் அத்தானின் கண்ணும்

மரியாதைக்குரிய அத்தான் துரைராசு அவர்களுக்கு, பூதலூரிலிருந்து மைத்துனன் பஞ்சநாதன் கைகூப்பி எழுதுவது. இங்கு நானும் வீட்டில் நீலாயதாட்சியும் சுகம். பரங்கிக்காய்கள் சுகமில்லை. அங்கு நீங்களும் கல்யாணப் பெண் ஆர்த்தியும் அக்காவும் நலமென்று நம்புகிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், அக்கா என் போனை எடுப்பதில்லை.

தப்பு என்னுடையதுதான். போன மாதம் நீங்கள் வரப்பில் நின்று, "பஞ்சநாதா, ஒவ்வொண்ணும் கன்னுக்குட்டி கணக்கா கிடக்குதேப்பா" என்று வாயாரச் சொன்னீர்கள். மூன்றாம் நாள் காய்களின் அடியில் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. தொட்டால் விரல் உள்ளே போனது. நான் உடனே கரும்புள்ளி செம்புள்ளி குத்திய சட்டியைக் கட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, அதோடு நிறுத்தாமல் உங்களுக்குப் போன் போட்டு, "உங்க கண்ணு பட்டுத்தான் அத்தான் எல்லாம் போச்சு, இனிமே என் வயல் பக்கம் வராதீங்க" என்றும் சொல்லித் தொலைத்தேன். நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள்.

நேற்று நீலாயதாட்சி வேளாண்மை ஆபீஸ் அம்மாவைக் கையோடு கூட்டி வந்தாள். அந்த அம்மா ஒரு காயைப் புரட்டினார். ஈர மண்ணில் படுகிற பக்கம் நீர் கோத்துப் பஞ்சு பூத்தால் அது பூஞ்சாண அழுகல், பூ இருந்த நுனி மட்டும் கறுத்துக் குழிந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறை, தண்டில் பிசின் வடிந்தால் அது வேறு நோய் என்று பிரித்துப் பிரித்துச் சொன்னார். கண் பட்டால் எப்படி அழுகும் என்று கேட்டேன். அந்தப் பாடம் அவர் காலேஜில் இல்லையாம். தண்ணீர் எப்படிப் பாய்ச்சினீர்கள் என்றார். நெல்லுக்குக் கட்டுகிற மாதிரி வரப்பு முட்டக் கட்டினேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் நீலாயதாட்சியைப் பார்த்தார். "தண்ணியத் தேக்குனது நீங்க, பழி மட்டும் அண்ணனுக்கா?" என்றாள் இவள்.

வெட்கமாக இருக்கிறது அத்தான். கல்யாணப் பத்திரிகை ஊரெல்லாம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. பக்கத்து வீட்டில் வாங்கிப் பார்த்தேன். தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயர் இல்லை. காது குத்தும்போது ஆர்த்தி என் மடியில்தான் உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு இருக்கிற ஒரே மாமன் நான். மாமன் மாலையை நான் போடாமல் வேறு யார் போடுவது? பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிட்டால் போதும், ஓடி வந்துவிடுவேன்.

ஆர்த்திக்கு என் ஆசி. உங்களுக்கும் அக்காவுக்கும் என் நமஸ்காரம். மன்னித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பஞ்சநாதன்

பி.கு.: மேட்டுப் பக்கம் நாலு காய் தப்பியிருக்கிறது. அடியில் வைக்கோல் போட்டு வைத்திருக்கிறேன், கல்யாணச் சமையலுக்கு நானே பறித்துக் கொண்டுவருகிறேன். பத்திரிகை வைக்க நீங்கள் அவசியம் வரவேண்டும். வயல் வழி மட்டும் வேண்டாம் அத்தான், ரோட்டு வழியாகவே வந்துவிடுங்கள்.