வெள்ளிக்கிழமை மினுக்கிய சன்னம்

பித்தளையைக் கண்டால் என் கை சும்மா இராது. (ஊரில் பக்கத்து வீட்டுக் குடத்தையும் மினுக்கிக் கொடுத்திருக்கிறேன். ஆரும் கேட்கவில்லை.)

இலங்கையில் சண்டை முடிந்த கோடை அது. என் தங்கச்சி பூமணி உயிரோடு முகாமில் இருக்கிறாள் என்று ஆரோ சொன்னதுதான் எங்களுக்குத் தெரியும். அவளுடைய குரலை ஒருக்கால் கேட்டால் போதும் என்று, கனடாவில், ஸ்ரௌவ்வில் என்ற ஊரில், மகள் வீட்டில் போனை மடியில் செருகிக்கொண்டு திரிந்தேன். போன் வரும் வரைக்கும் புளி போட்டுத் தேய்ப்பேன். விளக்கு, செம்பு, தட்டம் எல்லாம் மினுங்கி முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை தேய்க்க ஒன்றும் மிச்சமில்லை. வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ருக்கு இறங்கினேன்.

மருமகனுக்கு மான் வேட்டைப் பைத்தியம். துவக்குக் குண்டை, அதுதான் சன்னத்தை, பித்தளைக் கோதில் பொருத்துவதும் அவரேதான். மேசையில் ஒரு பித்தளைக் கோது, வாயில் சன்னத்தோடு, கறுத்துப்போய் நின்றது. வெடிமருந்து போடாதது, அளவு பார்க்க மட்டும் என்று முதல் நாள்தான் சொல்லியிருந்தார். பக்கத்தில் ஏதோ எழுதியும் ஒட்டியிருந்தார். தமிழோ இங்கிலீசோ, எனக்கு எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரித்தான்.

புளியைப் போட்டுத் தேய்த்தேன். சன்னம் பால்பல் மாதிரி ஆடியது. பாவம் என்று மேசையில் ஊன்றி ஒரு அமத்து அமத்தினேன். உள்ளே போய் இறுகிவிட்டது.

மருமகன் வேலையால் வந்து கலிப்பர் என்ற அளவுக் கருவியால் அளந்தார். முகத்தைச் சுளித்தார். திரும்பவும் அளந்தார்.

"மாமி, உதை ஆர் அமத்தினது?"

"ஆடிச்சுது தம்பி. இறுக்கி விட்டனான்."

"ஐயோ! சன்னம் கோதுக்குள்ள எவ்வளவு ஆழம் இருக்கவேணும் எண்டு, துவக்குக்குள்ள விட்டுப் பாத்து, கை நடுங்காமல் எடுத்த அளவு மாமி உது! தொடாதையுங்கோ எண்டு எழுதியும் வைச்சனான்!"

"ஆருக்கு எழுதினீங்கள்? எனக்கே?"

அப்போதுதான் மடியில் போன் அடித்தது. கரகரப்புக்கு நடுவில், "அக்கா..."

பூமணி! சேர்த்து வைத்திருந்த கதை எல்லாம் மறந்துபோய்விட்டது.

"சுகமே அக்கா? என்ன செய்யிறாய்?"

"துவக்குச் சன்னம் மினுக்கிறனடி!"

லைன் கட்.

"மாமி," என்றார் மருமகன் மெல்ல, "முகாமில இருக்கிற ஆளுக்குச் சொல்லுற கதையே உது?"

முகாமில் காவல் நிற்கிற ராணுவத்தில் ஆர் ஆர் காது கொடுத்துக் கேட்டார்களோ, அவளை என்ன செய்கிறார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மருமகன் தன் அளவை மறந்து எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். கனநாள் கழித்துத்தான் அவள் திரும்பப் போன் எடுத்தாள்.

"விசரி! போனில காசு முடிஞ்சுதான் கட்டானது. இஞ்ச உன்ர கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறம். எவ்வளவு காலத்துக்குப் பிறகு சிரிச்சனாங்கள் தெரியுமே?"

அவள் இன்னும் ஊரில்தான். விசா வருகுது, வருகுது என்கிறார்கள். போன் எடுத்தால் "சுகமே" எல்லாம் இல்லை. "இண்டைக்கு என்ன மினுக்கிறாய்?" என்றுதான் தொடங்குவாள். வீட்டிலும் எல்லாரும் அதையே படித்துவிட்டார்கள்.

அளவு கெட்ட அந்தக் கோதை மருமகன் எனக்கே தந்துவிட்டார். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெள்ளிக்கு வெள்ளி மினுக்குகிறேன். அவள் வந்து இறங்குகிற நாளில் கறுத்துப்போய் நின்றால், என்னைச் சும்மா விடுவாளா?