நெட்டு வர்ற வூடு

"உங்க வூட்டுல நெட்டு வருதாம்மா?"

கொளஞ்சியப்பர் கோயில் பிராகாரத்தில் வைத்து, மாப்பிள்ளையின் அம்மா தனக்கோடியம்மாள் பூர்ணிமாவிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். சாம்பார் வைக்கத் தெரியுமா, பத்தாவதோடு ஏன் நின்றாய், பீங்கான் பொம்மைக்குக் கண் வரைந்தால் என்ன கூலி தருவார்கள் என்று வரக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் அவள் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். இது பாடத்திட்டத்திலேயே இல்லை. குனிந்துகொண்டாள்.

"ஏன் வராம?" என்று அவள் அம்மா அம்சவல்லி முந்திக்கொண்டாள். "மூலைக்கு மூலை வருதுங்க. சமையக்கட்டுல கூட வருது."

அதுவரை சிரித்த முகமாக நின்றிருந்த மாப்பிள்ளை தமிழ்மணியின் முகம் சட்டென்று தொங்கிப்போனதைப் பூர்ணிமா கவனித்தாள்.

தமிழ்மணி, திட்டக்குடியில் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்தபடியே பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவன். கோயிலுக்கு வந்ததும் முதல் காரியமாக வேலில் பிராது கட்டியிருந்தான். குறையைக் காகிதத்தில் எழுதி அங்கே கட்டிவிட்டால் சாமியே விசாரித்துத் தீர்த்துவைப்பார் என்பது அந்தக் கோயில் வழக்கம். பெண் பார்க்க வந்த பையன் வேறு என்ன கேட்டிருக்கப் போகிறான், நல்ல பெண்ணாக அமையட்டும் என்று கேட்டிருப்பான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். செருப்பு விடும் இடத்தில் அவன் பூர்ணிமாவிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தான்.

"நாளு பூரா அத்தனை பொம்மையும் உங்களையே பாத்துட்டு இருந்தா கூச்சமா இருக்காதா?"

"கண்ணு வரையற வரைக்கும் இருக்காதுங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே பூர்ணிமா தன் மனதுக்குள் கல்யாணத்தை முடித்துவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் மெல்ல ஆரம்பித்தாள். "ஏம்மா பொய் சொன்ன? அவரு கண்டுபுடிச்சிட்டாரு. மூஞ்சே மாறிப்போச்சு."

"பின்ன, வரலைன்னா சொல்லுவாங்க? அடுத்த மாசம் வளர்பிறையில வூடு பாக்க வராங்க. அதுக்குள்ள நெட்ட வர வெச்சிட்டா அது எப்படிப் பொய்யாவும்?"

அவர்கள் தெரு, பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம், ஊர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிற இடத்தில் ஆரம்பிப்பது. போன் பேச வேண்டுமென்றால்கூட அப்பா கோவிந்தசாமி தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்த்தான் நிற்பார். அவர் சூளை வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு நெட் கம்பெனி ஆபீஸுக்குப் போனார்.

"ஒரு வூட்டுக்காக கேபிள் இழுக்க மாட்டாங்க சார்," என்றாள் அங்கே இருந்த பெண். "பத்து வூடு கேட்டாத்தான் டிமாண்டு இருக்குதுன்னு அர்த்தம்."

டிமாண்டு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள கோவிந்தசாமி தேவநாதன் டீக்கடைக்கு வந்தார். அங்கே இன்சுலேட்டர் கம்பெனியில் கணக்குப் பார்க்கும் அருளானந்தம் பேப்பரை விரித்து வைத்திருந்தார்.

"நாடு பூரா நெட்டு வந்துடுச்சுன்னு டிவியில மேப் போட்டுக் காட்டறான், நீ என்னா கோவிந்தசாமி புதுசா கேக்கற?"

"நாட்டுக்கு வந்துடுச்சுங்க. நம்ம தெருவுக்குத்தான் வரல."

"வந்தா மட்டும்? மங்கலம்பேட்டையில என் சிநேகிதரு வெச்சிருக்காரு. நூறு எம்பி ஸ்பீடுன்னு சொல்லித்தான் குடுத்தான். துபாய்ல இருக்கற புள்ளகிட்ட பேசினா, வாய் அசஞ்சு ஓஞ்ச பொறவுதான் குரல் வருதாம்."

"அது எவ்ளோ நிம்மதி. எங்க வூட்டுல வாய் அசையறதுக்கு முன்னாடியே குரல் வந்துடுது," என்றார் கோவிந்தசாமி.

தேவநாதன் டீயை ஆற்றிக்கொண்டே தன் கட்சியைச் சொன்னார். "எனக்கு வேணாம்பா. நெட்டு கெடைக்காம பொழுது போவாதவன்தான் என் கடைக்கு வரான். அதையும் வர வெச்சிட்டா நான் யாருக்கு டீ ஆத்தறது?"

"நாம கேட்டாத்தான் குடுப்பேங்கறான்," என்றார் அருளானந்தம். "எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானே கேக்கறதா வேணாமான்னு யோசிக்க முடியும்?"

வசதி, தரம், தேவை என்று மூன்றையும் ஆளாளுக்குப் பிய்த்துப் போட்டார்கள். பொழுது சாய்ந்தது. முடிவு எதுவும் வரவில்லை. தேவநாதனுக்கு மட்டும் அன்றைக்கு நல்ல வியாபாரம்.

அம்சவல்லி அவ்வளவு விரிவாகப் பேசவில்லை. மறுநாள் மத்தியானம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "எம்பொண்ணு கல்யாணம் இதுலதான் தொங்கிட்டு கெடக்குது" என்று ஒரே வரி. ஒரு பெண்ணின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றோம் என்ற பேரைச் சுமக்க அந்தத் தெருவில் யாருக்கும் தைரியம் இல்லை. கல்யாணப் பந்தியில் டீ, காபி பொறுப்பு தனக்குத்தான் என்ற நிபந்தனையோடு தேவநாதனும் நெட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

கேபிள் வந்தது. தெருவில் ஒழுங்கான கம்பம் இல்லாததால், மெயின் ரோட்டிலிருந்து இழுத்து வந்த ஒயரை அம்சவல்லி வீட்டுக் கொல்லை முருங்கை மரத்தில் கட்டி, அங்கிருந்து பத்து வீட்டுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். முருங்கை இனிமேல் காய்க்காது என்று கோவிந்தசாமி வருத்தப்பட்டார்.

"காயா பெருசு? பொண்ணு கல்யாணம் பெருசா?" என்றாள் அம்சவல்லி.

அடுத்த சிக்கல் அன்று மாலையே தொடங்கியது. வேண்டாம் வேண்டாம் என்றிருந்த தெரு, வந்ததும் ஒரேயடியாக அதில் விழுந்தது. அருளானந்தத்தின் மனைவி ஆக்னஸ், நின்றுபோன பழைய சீரியல்களை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். தேவநாதன் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டுக் குஸ்தி பார்த்தார். அம்சவல்லி வீட்டில் மட்டும் போன் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுபடியும் அம்சவல்லி வீடு வீடாக ஏறினாள். "வெள்ளிக்கெழம காலையில அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் யாரும் நெட்டத் தொடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"ஐயோ அக்கா, நம்ம பொண்ணுக்கு இது கூட செய்ய மாட்டமா?" என்றாள் ஆக்னஸ்.

சொன்ன சொல்லைத் தெரு காப்பாற்றியது. வெள்ளிக்கிழமை காலை எவரும் நெட்டைத் தொடவில்லை. பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் எல்லோரும் பெண் பார்ப்பதைப் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரு காரில் அடங்கினார்கள். பெண் வீட்டார் வாசல் வரை நின்றார்கள். பஜ்ஜியை இரண்டாக நறுக்க வேண்டியதாயிற்று. பூர்ணிமாவின் தலைக்குப் பூ நறுக்கிய கத்தரிக்கோலே அதற்கும் உதவியது.

பீரோ மேல், இரண்டு பீங்கான் பொம்மைகளுக்கு நடுவே, சந்தனம் குங்குமம் வைத்து மல்லிகைச்சரம் சுற்றிய மோடம் பச்சை விளக்கோடு கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. தமிழ்மணி அதையே பார்த்தான்.

"நெசமாவே வருதுங்களா?"

"போட்டுத்தான் பாருங்களேன் தம்பி," என்றாள் அம்சவல்லி.

அவன் தயங்கித் தயங்கி போனை எடுத்தான். பாஸ்வேர்டு கேட்டது. கூடத்தில் நின்ற தெருவே ஒரே குரலில் அதைச் சொன்னது.

இணைந்த மறுநொடி போன் துடித்தது. "சார்... லீவு சொல்லியிருந்தேன் சார். இல்ல சார், இங்க நெட்டு..." அவன் நிமிர்ந்து அம்சவல்லியைப் பார்த்தான். அவள் பெருமையாகத் தலையாட்டினாள். "இருக்குது சார். நல்லாவே இருக்குது."

பையிலிருந்து லேப்டாப் வெளியே வந்தது. காதில் ஹெட்போன் ஏறியது. பூர்ணிமா காபித் தட்டோடு வந்து நின்றதைக்கூட அவன் முதலில் கவனிக்கவில்லை. விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன.

"என்னா ஸ்பீடு பாத்தியா," என்று அருளானந்தம் கோவிந்தசாமியின் காதில் கிசுகிசுத்தார்.

பூர்ணிமா வேகத்தைப் பார்க்கவில்லை. இமையை ஒரு நூல் கீழே இறக்கி வரைந்தால் சிரிக்கிற பொம்மையும் அழுகிற பொம்மை ஆகிவிடும். அவன் முகம் அப்படித்தான் இருந்தது. கோயிலில் தொங்கிப்போன அதே முகம்.

காபி ஆடை கட்டியது. தனக்கோடியம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "நல்ல எடந்தாங்க. பொண்ணையும் ரொம்பப் புடிச்சிருக்குது. போயிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

சொல்லி அனுப்புகிறோம் என்றால் என்ன அர்த்தம் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெட்டுல ஏதாவது கொறைங்களா?" அம்சவல்லி குறுக்கே வந்து நின்றாள். "சொன்னீங்கன்னா சாயந்திரத்துக்குள்ள சரி பண்ணிடறோம்."

மாப்பிள்ளையின் தாய்மாமன் கொளஞ்சிநாதன் வந்ததிலிருந்து பஜ்ஜியைத் தவிர எதற்கும் வாய் திறக்காதவர். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"மாமியா வூட்டுக்குப் போற ரெண்டு நாளாவது ஆபீஸ்காரன் கையில சிக்காம இருக்கணும், நெட்டு வராத வூடா அமையணும்னுதாம்மா பையன் பிராதே கட்டினான். மூலைக்கு மூலை வருதுன்னு அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யா இருக்கும்னு நம்பித்தான் இவ்ளோ தூரம் வந்தோம்."

பூர்ணிமா காபித் தட்டைக் கீழே வைத்தாள். பஜ்ஜித் தட்டின் பக்கத்தில் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கொல்லை முருங்கை மரத்தை நோக்கிப் போனாள்.