அப்பனுக்கு விட்ட லீவு

பிள்ளை பிறந்தால் அப்பனுக்கும் சம்பளத்தோடு பதினைந்து நாள் லீவு, இரண்டு பிள்ளை வரைக்கும் உண்டு என்று சர்க்கார் எந்த நல்ல நேரத்தில் எழுதி வைத்ததோ, திருப்பதியில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த பூவராகவன், அந்த லீவை வாங்கித் தூங்கியே தீர்ப்பது என்று சபதம் எடுத்தான்.

சாதாரணத் தூக்கம் இல்லை. கும்பகர்ணனே பாயைச் சுருட்டிக்கொண்டு, "நீயே படுப்பா, நான் வேற இடம் பாத்துக்கிறேன்" என்று நகர்ந்துவிடுகிற தூக்கம்.

பொண்டாட்டி தாட்சாயணி சித்தூரை ஒட்டின கங்காதர நெல்லூரில், அம்மா வீட்டில், பச்சைக் குழந்தையோடு இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்று பெரியவர்கள் வைத்தார்கள். அப்பனுக்கு லீவு என்று சர்க்கார் வைத்தது. இரண்டு பேரும் கலந்து பேசிக்கொள்ளவில்லை. அந்த இடுக்கில் ஒரு பாய் விரிக்கலாம் என்று கண்டுபிடித்தவன் நம்ம ஆள்தான். ஆபீசர் ஒரு ராட்சசன், லீவு தர மாட்டேன் என்றுவிட்டான் என்று அவளிடம் போனில் அழாத குறையாகச் சொன்னான். லீவின் முதல் நாள், திருப்பதி அலிபிரியில் இருந்த தன் வீட்டில், பிரியாணிக்குச் சொல்லிவிட்டுக் காலை நீட்டினான்.

போன் அடித்தது.

"ஏங்க, ஆபீசுல இருக்கீங்களா?"

"பைல் மலை மாதிரி கெடக்குது தாட்சு" என்றான், தலையணையை விட்டு எழாமல்.

"பாவம். இங்க ஒரு ஆபீசர் ஜீப்புல வந்துட்டுப் போனார். புள்ளைய பாத்துக்கன்னு லீவு வாங்கின நைனா எங்க, புள்ளத் துணி யாரு அலசறாங்கன்னு கேட்டார். எங்க வூட்டுக்காரருக்கு லீவே கெடைக்கல, நீங்க தேடறது வேற எந்தப் பூவராகவனோன்னு அனுப்பிச்சிட்டேன்."

மின்விசிறிக்கு அடியில் அவனுக்கு வேர்த்தது. அந்த வேர்வையில் ஒரு காணி கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருக்கலாம்.

"அந்த வேற பூவராகவன் அங்க இல்லைன்னா, இன்னா பண்ணுவாங்களாம்?"

"சம்பளத்த திருப்பி வாங்கிப்பாங்களாம். வேலையும் போவுமாம். எந்த நேரமும் மறுபடி வருவேன்னார். யாரு பெத்த புள்ளையோ, நமக்கு இன்னாத்துக்கு? நீங்க பைலைப் பாருங்க."

பிரியாணி கொண்டுவந்தவன் பூட்டின கதவைத் தட்டிக்கொண்டிருந்தபோது, பூவராகவன் சித்தூர் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான்.

காலில் விழுந்து லீவு வாங்கிவந்ததாக மாமியார் வீட்டில் சொன்னான். ராட்சசன் அரை நாளில் எப்படி மனம் மாறினான் என்று யாரும் கேட்கவில்லை. மாமியார் மணியம்மா குழந்தையை அவன் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். போனவள் போனவள்தான்.

அன்றிலிருந்து அவன் உயிர் ஜீப் சத்தத்தில் தொங்கியது. டிராக்டர் உறுமினால் குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்வான். பைக் ஹார்ன் கேட்டால், ஆபீசர் கண்ணில் படட்டும் என்று, துணிவாளியோடு தெருக்குழாய்க்கு ஓடுவான். கரெண்டு பில் எழுத வந்தவன் கையில் மிஷினோடு நிற்பதைப் பார்த்து, அவன்தான் எமன் என்று முடிவுகட்டி, குழந்தையைத் திருப்பிப் பிடித்துப் பளபளக்கும் பின்பக்கத்தைக் காட்டி, இது நான் கழுவியது சார் என்று தெலுங்கில் வாக்குமூலம் கொடுத்தான். வந்தவன் மீட்டரைப் பார்க்காமலே போய்விட்டான். அந்தத் தெருவுக்கே அந்த மாதம் பில் வரவில்லை என்பார்கள்.

குழாயடியில் எதிர்வீட்டு வள்ளி கேட்டாள்: "இன்னா மாப்ள, புள்ள பெத்தது நீயா, எங்க தாட்சாயணியா?"

அவன் துணியை அலசிக்கொண்டே இருந்தான். கண் தெருமுனையில் இருந்தது. பயந்தவனுக்கு மானம் ஏது? வீட்டில் எல்லாருக்கும் ஒரே பத்தியச் சமையல் வேறு. பிரியாணிக்கு ஏங்கின நாக்கு பூண்டுக் குழம்பில் கரையேறாமல் கிடந்தது. தாட்சாயணி தூங்கினாள். அவன் திருப்பதியில் தூங்குவதற்கென்று வைத்திருந்ததையும் சேர்த்துத் தூங்கினாள்.

கடைசி நாட்களில் எந்த வண்டிச் சத்தமும் இல்லாதபோதே அவன் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆபீசர் சொல்லாமல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டான்.

லீவு முடிந்தது. ஆபீசர் வரவில்லை. தலை தப்பிய தெம்பில் ஆபீசுக்குப் போனவன், பக்கத்து நாற்காலி ஜெபகுமாரிடம், லீவு போட்ட அப்பன்களைச் சோதிக்க எங்கிருந்து ஆள் அனுப்புகிறார்கள் என்று மெல்லக் கேட்டான். ஜெபகுமார் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

"யோவ், பெரிய ஆபீசர் ஊருக்குப் போவவே ஜீப்புக்கு டீசல் இல்ல. உன் புள்ளைக்குக் கால் கழுவினியான்னு பாக்கவா வருவாங்க? ஆமா, உனக்கு லீவு சாங்ஷன் ஆயிடுச்சின்னு, உன் போன் கெடைக்காம, மொத நாள் காலையிலயே தாட்சாயணி தங்கச்சிக்குப் போன் பண்ணிச் சொன்னனே. உன்கிட்ட சொல்லலியா?"

பூவராகவன் காதில் ஏழு மலையின் மணிகளும் ஒன்றாக அடித்தன. ஆத்திரத்தோடு போனை எடுத்தான். பொய்க்காரி என்று கத்த வாயைத் திறந்தபோதுதான், அவள் பொய்யை அவிழ்க்க வேண்டுமென்றால் தன் ராட்சசனை முதலில் அவிழ்க்க வேண்டும் என்பது உறைத்தது. வாயை மூடினான்.

"தாட்சு, அந்த ஜீப் ஆபீசர் அப்புறம் வந்தாரா?"

"இப்பத்தாங்க வந்துட்டுப் போறார். ரெண்டாவது புள்ளைக்கும் லீவு உண்டாமே, அப்பவும் வருவாராம். உங்க பேரை எழுதிக்கினு போயிட்டார்."