விதி பதினான்கும் நாலு சொட்டு நுரையும்

பொறுப்புணர்ச்சி என்ற ஒன்று பூமியிலிருந்து மறைந்துவிட்டதாக யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள், கண்ணுகளா. அது அரிசோனாப் பாலைவனத்தில், சக்கரம் வைத்த வீடுகளை நிறுத்திக் குடியிருக்கும் எங்கள் வீட்டுவண்டிப் பூங்காவில், பாதுகாப்புக் குழு என்ற பெயரில் உயிரோடு இருக்கிறது. ஐந்து பேர். ஐந்து மஞ்சள் மேலங்கிகள். ஐந்து வாக்கிடாக்கிகள். ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதும் அவற்றில்தான் பேசிக்கொள்வார்கள். பதினோரு குளிர்காலமாக அந்த மகான்களின் நிழலில் என் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். அவர்கள் ஒரு கேஸ் கசிவை வேரோடு ஒழித்த வரலாறு இது.

கசிவு, பக்கத்து வண்டி லொரீன் டட்டிலுக்குச் சொந்தமானது. லொரீன் முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவள்; எதற்கும் அசையமாட்டாள். அவள் புருஷன் வெர்லினுக்குச் சுரங்கத் தூசி தின்றதுபோக மிச்சம் அரை நுரையீரல். ஜனவரியில் பாலைவனம் விறைத்துப்போகும். கேஸ் ஹீட்டர் எரிந்தால்தான் அவருக்கு மூச்சு. மின்சார ஹீட்டர் வைக்கலாமே என்பீர்கள். எங்கள் பூங்கா மின்சாரத்துக்கு ஒரு ரொட்டி சுடுவதற்கே மேல்மூச்சு வாங்கும்.

கேஸ் தொட்டியின் வால்வைத் திறந்தால், தரையோரம் இருக்கும் அலாரம் அலறும். மூடினால் வெர்லின் விடிய விடிய இருமுவார். பழுது பார்க்கிறவர் வர ஐந்து வாரம் ஆகுமாம்.

"அஞ்சு வாரம் இவரு தாங்கமாட்டாரு," என்றாள் லொரீன் என்னிடம். "சோப்புத் தண்ணிய ஒவ்வொரு மூட்டுலயும் பீச்சிப் பாத்தா, கசியிற எடத்துல குமிழி விடும். பத்து நிமிஷ வேல. ஆனா இந்தப் பாழாப்போன விதி பதினாலு இருக்கே!"

விதி பதினான்கு: வண்டியின் வெளிப்புறத்தில் சோப்புத் தண்ணீர் படக்கூடாது. தண்ணீர்ச் சிக்கனம். போன வருஷம் கண்ணாடியில் விழுந்த பறவை எச்சத்தைக் கழுவிய ஒரு தம்பதியைக் குழு மறுநாளே வெளியே அனுப்பியது. வெர்லினைப் பார்க்கிற டாக்டர் இந்த ஊரில்தான் இருக்கிறார். ஆகவே லொரீன் மரியாதையாக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள்.

குழுத்தலைவர் செஸ்டர் புரூயிட், ஓய்வுபெற்ற கம்பளக்கடை உதவி மேலாளர். விண்ணப்பத்தை இரண்டு முறை படித்தார். உடனே, ஒரு வாரத்துக்குள், "மோப்ப உபகுழு" ஒன்றை அமைத்தார். மூன்று உறுப்பினர்கள். ஒருவருக்குச் சளி. ஒருவர் வாயில் சுருட்டு. பற்றவைக்கவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். மூன்றாமவர் டுவைட், வாசனை என்றால் என்னவென்று அவர் மறந்து எட்டு வருஷம்.

வால்வைத் திறக்கச் சொன்னார்கள். அலாரம் அலறியது. டுவைட் முழங்காலிட்டுக் கம்பீரமாக மூச்சை இழுத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றார்.

"ஒனக்கு எப்பதான் தெரிஞ்சுது?" என்றார் சளிக்காரர், மூக்கைச் சிந்தியபடி.

"அழுகின முட்ட நாத்தம் அடிக்குதே, ஒங்க யாருக்குமா தெரியல?" என்றாள் லொரீன்.

செஸ்டரின் கண்கள் ஒளிர்ந்தன. "முட்டையா? ஏம்மா, காலைல என்ன சமைச்சீங்க?"

"அட கடவுளே! கேஸ் கசிஞ்சா தெரியணும்னுதான்யா அந்த நாத்தத்தையே அதுல கலக்குறாங்க!"

"கோவப்படாதீங்கம்மா. முட்டப் பெட்டிய எடுங்க."

ஒன்பது முட்டைகள் இருந்தன. ஒன்பதையும் தண்ணீரில் போட்டுச் சோதித்தார்கள். ஒன்று லேசாக மிதந்தது. "ஆதாரம்" என்று எழுதி அதைப் பையில் போட்டுக் கட்டினார்கள். உள்ளே படுத்திருந்த வெர்லின் இருமலுக்கு நடுவே கேட்டார்: "லொரீன், முட்டையக் கைது பண்ணிட்டாங்களா? நம்மளயும் கூட்டிட்டுப் போவாங்களான்னு கேளு. ஜெயில்ல ஹீட்டர் இருக்கும்."

உபகுழு அறிக்கை பன்னிரண்டு பக்கம் வந்தது. அதன்மேல் குழு ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது: ஒன்று, கசிவு இல்லை. இரண்டு, இல்லாத கசிவுக்காக அலறும் அலாரம் பழுதானது. மூன்று, அதன் பியூஸைப் பிடுங்கலாம். டுவைட்டே வந்து பிடுங்கினார். வண்டி அமைதியானது. தங்கள் பணியின் பலனைத் தங்கள் காதாலேயே கேட்கிற பாக்கியம் எத்தனை குழுக்களுக்கு வாய்க்கும்?

"இப்ப ஹீட்டரப் போட்டுக்குங்கம்மா," என்றார் செஸ்டர் பரிவோடு.

"நீங்க முதல்ல உள்ள வந்து ஒக்காருங்க, போடுறேன்," என்றாள் லொரீன்.

செஸ்டருக்கு வேறு வேலை இருந்தது.

லொரீன் வால்வை மூடிவிட்டாள். அடுத்த இரண்டு நாளில் வெர்லினின் உதடு நீலம் பாய ஆரம்பித்தது. மூன்றாம் நாள் மத்தியானம், நல்ல வெயிலில், எல்லோரும் பார்க்க, அவள் ஒரு பீச்சுக்குப்பியும் ஸ்பேனருமாக வெளியே வந்தாள். பாத்திரம் துலக்கும் சோப்பு, கொஞ்சம் தண்ணீர். வால்வைத் திறந்தாள். தொட்டி மூட்டில் பீச்சினாள், ஒன்றுமில்லை. ரெகுலேட்டரில் பீச்சினாள், ஒன்றுமில்லை. கேஸில் ஓடும் பிரிட்ஜுக்குப் பின்னால், வண்டியின் வெளிப்பக்கம் உள்ள சின்னக் கதவைத் திறந்து, பித்தளை நட்டின்மேல் பீச்சினாள். நெல்லிக்காய் அளவுக்கு ஒரு குமிழி எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு கொத்துக் கொத்தாக.

"இந்தா இருக்கான் திருடன்!" என்றாள். வால்வை மூடி, நட்டைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி திறந்து பீச்சினாள். குமிழி இல்லை. பிடுங்கிய பியூஸைத் திருப்பி மாட்டினாள். அலாரம் வாய் திறக்கவில்லை. ஹீட்டர் எரிந்தது. அரைமணி நேரத்தில் வெர்லின் சூப் கேட்டார்.

மொத்தம் எட்டு நிமிட வேலை. தரையில் விழுந்த நுரை நாலு சொட்டு. அதை அளந்தவர் டுவைட்.

அன்று மாலை பொதுக்கூட்டம். லொரீன் எழுந்து சொன்னாள்: "குமிழிய நீங்களே பாத்தீங்க. கசிவு இருந்துச்சு, அடச்சிட்டேன். இதுல தப்பு எங்கய்யா இருக்கு?"

செஸ்டர் புன்னகைத்தார். இந்தப் புன்னகைக்காகத்தான் மனித குலம் விதிகளைக் கண்டுபிடித்ததோ என்று எனக்குத் தோன்றியது.

"ஏம்மா, கசிவு இல்லன்னு தீர்மானம் போட்டமா இல்லியா?"

"போட்டீங்க."

"அத ரத்து பண்ணினமா?"

"இல்ல."

"அப்ப இல்லாத கசிவ யாரும் தேட முடியாதுல்ல? தேடலன்னா நீங்க சோப்புத் தண்ணிய எதுக்குப் பீச்சினீங்க? வண்டியக் கழுவத்தான். விதி பதினாலு."

கூடம் கைதட்டியது. இத்தனை சுத்தமான நியாயத்தை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. நாலு சொட்டு நுரையில்கூட அழுக்குப் படாத நியாயம்.

வெளியேற்றத்துக்கு வாக்கெடுப்பு வந்தது. கை தூக்காதவர்களின் வண்டி அடுத்த வாரம் சோதிக்கப்படும் என்று செஸ்டர் அன்போடு நினைவூட்டினார். லொரீன் யார் முகத்தையும் விடாமல், பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுவதுபோல, ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவர்கள் வண்டி கிளம்பியது. வெர்லினின் டாக்டர் இருக்கும் ஊரைவிட்டு வடக்கே, குளிர் இன்னும் கடுமையான பக்கம். அங்கேதான் இடம் கிடைத்தது. அறிவிப்புப் பலகையில் குழு பெருமையோடு எழுதியது: "நம் பூங்காவில் இருந்த ஒரே கசிவு அகற்றப்பட்டது."

கண்ணுகளா, எங்கள் குழுவை யாரும் மெத்தனம் என்று சொல்லக்கூடாது. கசிவைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று வாரம் போதவில்லை. கண்டுபிடித்தவளை அகற்ற அரை நிமிடம் போதுமானதாக இருந்தது. அந்த அரை நிமிடத்தில் நாற்பத்தொரு கைகள் உயர்ந்தன. செஸ்டர் பின்வரிசையில் இருந்த எங்கள் கைகளைச் சரியாக எண்ணமாட்டாரோ என்ற கவலையில், நான் என்னுடையதை எம்பி நின்று தூக்கினேன்.