மைனஸ் அண்ணாச்சி ஊட்டிக்குப் போனார்

இந்தப் பூமியில் குளிரை மைனஸ் அண்ணாச்சி அளவுக்குக் கேவலமாகப் பேசிய மனிதர் இன்னொருவர் இருக்க முடியாது. தூத்துக்குடியில் வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனால் குளிரைத் திட்டுவதென்றால் முதலில் அது ஊருக்குள் வர வேண்டுமே! வராத ஒன்றைக் கூப்பிட்டு வைத்து அவமானப்படுத்தியவர் அவர்.

நான் அப்போது ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் கப்பல் காகிதங்கள் தயார் செய்யும் கிளார்க். அவர் அங்கே குளிர் அறைக்குப் பொறுப்பாளர். மைனஸ் இருபது டிகிரியில் கணவாய் மீனும் இறாலும் அட்டைப் பெட்டிகளில் உறைந்து கிடக்கும். நாங்களெல்லாம் உள்ளே போன வேகத்தில் வெளியே ஓடி வருவோம். அவர் நிதானமாகப் பெட்டிகளைச் சரிபார்த்துவிட்டு, புருவத்தில் வெள்ளை பூத்து, கல்யாண வீட்டிலிருந்து சாப்பிட்டுவிட்டு வருகிறவர்போல வருவார். கோட்டைக்கூடக் கழற்றாமல் மத்தியான வெயிலில் நடந்துபோய் டீ குடிப்பார். அவர் குடியிருந்த மில்லர்புரத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது. தபால்காரருக்கே அவர் மைனஸ்தான்.

மார்கழியில் காலை வேளையில் யாராவது மப்ளர் கட்டிக்கொண்டு வண்டியில் போனால் கை காட்டி நிறுத்துவார்.

“ஏலே, காதுல என்ன, புண்ணா?”

“இல்ல அண்ணாச்சி, பனியா இருக்கு.”

“இது பனியா? என்கூட வா, பனின்னா என்னன்னு காட்டுதேன்.”

அப்படி ஒருமுறை வடக்கேயிருந்து வந்த ஓர் அதிகாரிக்குக் காட்டியும் விட்டார். அந்த மனிதர் தங்கள் ஊர் ஜனவரிக் குளிரைப் பற்றிப் பெருமை பேசியதுதான் குற்றம். “கொஞ்சம் உள்ள வந்து ஸ்டாக் பாருங்க சார்” என்று மரியாதையாக அழைத்துப் போனார். திரும்பி வந்த அதிகாரி அதற்குப் பிறகு வெயிலைப் பற்றி மட்டும், அதுவும் மிகுந்த பாசத்தோடு பேசினார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள் ஜெபா. ஊட்டியில் நர்சிங் முதல் வருடம். ஒரு ஜனவரி மாதம், நாங்கள் கேண்டீனில் இருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, குளிரு தாங்க முடியல. விரலெல்லாம் வீங்கிட்டு. பேனா பிடிக்க முடியல. நான் வீட்டுக்கே வந்துருதேன்.”

“ஏளா, ஊட்டியெல்லாம் ஒரு குளிரா? எங்க ரூம் கதவைத் திறந்தா புகை வருமே, அந்த அளவுக்குத்தான் இருக்கும். என் பொண்ணுன்னு அங்கன யார்ட்டயும் சொல்லிராத, எனக்கு அசிங்கம்.”

கேண்டீனே சிரித்தது. “உங்களுக்கு ஒண்ணும் புரியாதுப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் அவர் கூப்பிட்டும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வார்டன் பேசினார். பெண் பெட்டி கட்டிவிட்டாள், திங்கட்கிழமை சர்டிபிகேட்டைத் திருப்பிக் கேட்கப் போகிறாளாம். அண்ணாச்சி அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“ஏலே, ஊட்டிக்கு பைக்குல போறேன்.”

“பஸ் இருக்கே அண்ணாச்சி?”

“கண்ணாடிய சாத்திக்கிட்டு பஸ்ல போயிட்டு, குளிரு ஒண்ணுமில்லன்னு எப்படிச் சொல்ல? விடியக்காலம், உறைபனி கிடக்கும்போது, சும்மா சட்டையோட போயி அவ ஹாஸ்டல் வாசல்ல இறங்கணும். இந்தா பாரு, ஒங்கப்பன் வந்துட்டான், ஒண்ணும் ஆவலன்னு காட்டணும்.”

டீச்சரான அவர் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அந்த நிபந்தனை நான்தான். “தம்பி, நீயும் கூடப் போ. இவரு பெருமையில சறுக்கி விழுந்தா தூக்கதுக்கு ஒரு ஆளு வேணும்.” அவருடைய பழைய குளிர் அறைக் கோட்டையும் கையுறையையும் வண்டிப் பையில் வம்படியாகத் திணித்து அனுப்பினார்.

சனிக்கிழமை காலை கிளம்பி, இருட்டும் நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் லாட்ஜ் போட்டோம். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு, அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார, மலை ஏறினோம். நான் இரண்டு சட்டை, ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜெர்கின், ஹெல்மெட்டுக்குள் குரங்குக் குல்லா. அவர் ஒரு முழுக்கைச் சட்டை. அவ்வளவுதான்.

பர்லியார் வரை பாட்டுப் பாடினார். அதற்குப் பிறகு பாட்டு நின்றது. ஹெல்மெட் கண்ணாடியை மூடினால் மூச்சுப்பட்டு மங்கியது, திறந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூடுவதும் திறப்பதுமாகக் குன்னூர் வந்து சேர்ந்தோம். டீ கிளாஸ் அவர் கையில் கடகடவென்று ஆடியது.

“கிளாஸ் ரொம்பச் சூடு லே, அதான்.”

“கோட்டை எடுக்கட்டுமா?”

“தொட்டேன்னா உன்னைய இங்கனயே விட்டுட்டுப் போயிருவேன்.”

பக்கத்துக் கடையில் அன்றைய செய்தித்தாள் வாங்கினேன். காற்றை மறிக்க நெஞ்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். யோசித்தார். “பேப்பர் துணியில சேராதுல்லா” என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, தலைப்புச் செய்தி வயிற்றிலும் விளையாட்டுப் பக்கம் முதுகிலுமாகச் செருகிக்கொண்டார்.

கேத்தி தாண்டி, வெயில் படாத ஒரு வளைவு. புல்லெல்லாம் உப்பளம்போல வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளை ரோட்டிலும் கிடக்கிறது என்று அவர் கவனிப்பதற்குள் பிரேக்கைத் தொட்டுவிட்டார். நல்லவேளை, வேகமே இல்லை. சோபாவில் சாய்வதுபோல இருவரும் மெதுவாகப் புல்லில் சாய்ந்தோம். நான் எழுந்துவிட்டேன். அவர் எழவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று பதறிப் பார்த்தால், விரல்கள் ஹேண்டில்பாரை விட மாட்டேன் என்கின்றன. உறைந்த கணவாயைப் பிரிப்பதுபோல ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். இன்ஜின் சூட்டில் கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

“ரூமுக்குள்ள குளிரு சும்மா நிக்கும் லே. இங்கன தேடி வந்துல்லா அடிக்கு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. “கோட்டைப் போடுங்க அண்ணாச்சி. ஹாஸ்டல் பக்கம் வந்ததும் கழத்திருங்க. யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்லா.”

வண்டி உதைக்கு மசியவில்லை. சோக்கை இழுத்துவிட்டு உதைத்தார். மூச்சு வாங்க நின்றார், மறுபடி உதைத்தார். கிளம்பியதும் ஏறி உட்கார்ந்து, நடக்கிற வேகத்தில், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே அந்த வளைவைக் கடந்தார்.

ஹாஸ்டல் வாசலில் இறங்கியபோது மணி எட்டு. வார்டன் உள்ளே ஆள் அனுப்பினார். ஜெபா சால்வையைப் போர்த்திக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார். மதுரையிலிருந்து ஒத்திகை பார்த்த வசனம் அது: “இது ஒரு குளிரா?” வாயைத் திறந்தார்.

“இ… இ… இ…” என்பதற்கு மேல் வரவில்லை. பல் தந்தியடித்தது.

அவள் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். நீலம் பாரித்த உதடு. சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே எட்டிப் பார்க்கும் செய்தித்தாள். முட்டியில் ஒட்டியிருந்த புல். ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

“என்னப்பா இது, மரக்கட்டை மாதிரி இருக்கு?”

“தாயி…” என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. “நீ சொன்னது நெசந்தான். ஆளக் கொல்லுத குளிரு. நான் தெரியாம பேசிட்டேன்.”

“இதத்தானப்பா அன்னைக்குக் கேட்டேன்! ஆமா, குளிரத்தான் செய்யும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எதுக்குப் பெட்டி கட்டப்போறேன்?”

அப்புறம் அழுதாள். அழுதுகொண்டே அவரை பெஞ்சில் உட்காரவைத்தாள். வார்டன் வெந்நீர் கொண்டுவந்தபோது, “மேடம், சூடு கூடாது, வெதுவெதுப்பாத்தான் வைக்கணும்” என்று அழுகைக்கு நடுவே அதட்டி, பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையால் பதம் பார்த்து, அவர் கையை அதில் வைத்தாள். மைனஸ் அண்ணாச்சி சின்னப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

சாப்பிட்டுக் கொஞ்சம் தெளிந்ததும் அவரே சொன்னார். “சரி ஏளா, பெட்டிய எடுத்துட்டு வா. இந்தக் குளிருல நீ கிடக்க வேண்டாம்.”

“எதுக்கு? வியாழக்கிழமை எனக்குப் பரீட்சை.”

கிளம்பும்போது கோட்டையும் கையுறையையும் அவளிடம் கொடுத்தார். அவள் வேண்டாமென்று தள்ளினாள். “எனக்குப் பழகிட்டு” என்று கூசாமல் ஒரு பொய் சொல்லித் திணித்துவிட்டு வந்துவிட்டார்.

இறக்கத்தில் வண்டியை நான் ஓட்டினேன். நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து இரண்டு கைகள் மெல்ல வந்து என் ஜெர்கின் பைகளுக்குள் நுழைந்தன.

“பர்ஸு விழுந்துராமப் பிடிச்சிக்கிடுதேன் லே.”

பர்ஸ் என் பேண்ட் பைக்குள் இருந்தது. அதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.