ரிஜெக்ட் அண்ணன் லேப்டாப் வாங்கிய மூன்று சனிக்கிழமைகள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள அத்தனை தொழிற்சாலைகளிலும் தினமும் எத்தனையோ பொருள்கள் சோதனையில் தேறுகின்றன. ரிஜெக்ட் அண்ணன் கைக்குப் போன பொருள் மட்டும் தேறாது. பிரம்மாவே நேரில் வந்து தான் படைத்ததைக் காட்டியிருந்தாலும், "காது ரெண்டும் ஒரே ஹைட்ல இல்லியே சாமி" என்று சிவப்பு அட்டை கட்டித் திருப்பி அனுப்பியிருப்பார்.

வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து எங்கள் வண்டிக் கம்பெனிக்குள் விடுவது அவர் வேலை. நான் அங்கே ஆவணப் பிரிவில் இருந்தேன். படப்பையில் ஒரே வீட்டில் மாடியில் நான், கீழே அவர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று சம்பளச் சீட்டில் இருந்தது; அதை யாரும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. தேறிய பொருளுக்குப் பச்சை அட்டை, தேறாததற்குச் சிவப்பு. அவருடைய பச்சை அட்டைக் கட்டு பல வருடமாகப் பிரிக்கப்படாமல் மேஜையில் கிடந்தது.

ஒருநாள் கேன்டீனில் வெர்னியர் அளவுகோலை எடுத்து வடையை அளந்தார்.

"மாஸ்டர், ஓட்ட சென்டர்ல இல்ல. மூணு மில்லி லெஃப்ட்ல கீது."

"வவுத்துக்குள்ள போனா எல்லாம் சென்டர்தான்யா, துன்னு!"

வடையின் ஓட்டையிலேயே நூலைக் கோத்துச் சிவப்பு அட்டையைக் கட்டித் தட்டோடு திருப்பிக் கொடுத்தார். மறுவாரம் மாஸ்டர் பழிவாங்கும் எண்ணத்தில் ஓட்டையே இல்லாமல் வடை சுட்டார். அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிராயிங்ல கீற ஓட்டைய முழுசா காணோமே, யாராண்ட சொல்லிட்டு இத மாத்துன?" என்றார்.

இப்படிப்பட்டவர் லேப்டாப் வாங்கக் கிளம்பினால் என்ன ஆகும்?

காரணம் அவருடைய பழைய கூட்டாளிகள். இங்கே வருவதற்கு முன் அவர் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். ஒரே லைனில் நின்ற நாலு பேரும் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். ஒருவர் ஓசூர், ஒருவர் பூனே, டேனியல் என்பவர் தூத்துக்குடி, இவர் இங்கே. அந்த மூவரும் இணையத்தில் ஒரு மெய்நிகர் உலகத்தில் ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குக் கூடத் தொடங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு பொம்மை உருவம். நடக்கலாம், பேசலாம், எதையும் கட்டலாம். டேனியல் அங்கே பழைய ஆலை வாசலையும் எதிரே இருந்த டீக்கடையையும் பெஞ்சோடு கட்டி முடித்திருந்தார்.

ரிஜெக்ட் அண்ணனும் தன் பழைய லேப்டாப்பில் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தார். டீக்கடை அரைமணி நேரமாகியும் வரவில்லை. கூட்டாளிகள் மூன்று சாம்பல் நிற உருளைகளாக வந்து நின்றார்கள். முகமே இல்லை. உருளை ஒன்று டேனியல் குரலில், "இன்னாடா, எப்டி கீற?" என்றது. அண்ணன் பயந்து மூடிவிட்டார்.

"வீடியோ கால்ல பேசிட்டா போதாதாண்ணே?" என்று கேட்டேன்.

"அதுல நாலு பேரும் நாலு டப்பாவுல கீறோம் சார். அங்க போனா ஒரே பெஞ்சு."

அவசரமும் இருந்தது. டேனியலுக்குக் கடல் நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்திருந்தது. ஒரு வருட ஒப்பந்தம். அங்கிருந்து வாட்ஸ்அப்பில் குரல் போனாலே பெரிது. அவர் விமானம் ஏறுவதற்கு மூன்று சனிக்கிழமைகள் இருந்தன.

முதல் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனோம். அண்ணன் கையில் இருபத்தொரு கேள்வி கொண்ட சோதனைத் தாள். பையில் வெர்னியர், இடைவெளி அளக்கும் தகடுகள், கொரோனா சமயத்தில் கேட்டில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதே வெப்பத் துப்பாக்கி. விற்பனைப் பெண் கவிதா மெல்லிசாக, அழகாக ஒரு லேப்டாப்பை எடுத்து வைத்தாள்.

"இதுல படத்துக்குன்னு தனி கிராஃபிக்ஸ் கார்டு கீதா?"

"தனியா இல்லண்ணே. எல்லாம் உள்ளயே சேந்து இருக்கும்."

"சமைக்கிறவனே பந்தி பரிமாறுனா கூட்டத்துக்குத் தாங்குமா? ரிஜெக்ட்."

அந்தக் கேள்வியில் அவர் சொன்னது சரிதான். அதற்குப் பிறகு கீல், பட்டன், அடிப்பக்க ரப்பர் என்று ஒவ்வொன்றாக அளந்தார். ஒன்றரை மணி நேரம் பொறுத்த கவிதா கேட்டாள்: "அண்ணே, லேப்டாப் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

"பொண்ணு பாக்கப் போனா பஜ்ஜி குடுப்பாங்க. நீ இன்னாமா குடுத்த?"

இரண்டாவது சனிக்கிழமை, தனிக் கார்டு உள்ள மாடல். அண்ணன் அதில் அந்த மெய்நிகர் உலகத்தை ஓடவிட்டு, வெப்பத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நிதானமாக, "ஏசிய ஆஃப் பண்ணு" என்றார்.

"எதுக்குண்ணே?"

"என் வூட்ல ஏசி இல்ல. மே மாசம் மத்தியானம் படப்பைல ஓடணும். டெஸ்டுன்னா மோசமான கண்டிஷன்ல பண்ணணும்."

முதலாளி இல்லாத நேரம். கவிதா அணைத்தும் விட்டாள். இருபது நிமிடத்தில் ஃபிரிட்ஜ் வாங்க வந்த குடும்பம் ஒன்று, விற்பனைக்கு இருந்த ஃபிரிட்ஜைத் திறந்து அதன் முன்னால் நின்றுகொண்டது. லேப்டாப்பின் விசிறி மேட்டில் ஏறும் ஷேர் ஆட்டோவைப் போல அலறியது. சூடு ஏற ஏற, திரையில் நடந்துகொண்டிருந்த பொம்மை நொண்டத் தொடங்கிக் கடைசியில் ஒற்றைக் காலில் நின்றுவிட்டது. அண்ணன் எங்கள் எல்லோரையும் வெற்றிப் பார்வை பார்த்தார். சிவப்பு.

மூன்றாவது சனிக்கிழமை. மறுநாள் நாலு மணிக்கு டீக்கடை. திங்கள் காலை டேனியலுக்கு விமானம். கவிதா இரண்டரைக் கிலோ கனத்தில் ஒரு கறுப்பு லேப்டாப்பை இரு கையாலும் தூக்கி வந்தாள். தனிக் கார்டு, பதினாறு ஜிபி ராம், இரட்டை விசிறி. தானே ஏசியையும் அணைத்தாள். ஒரு மணி நேரம் ஓடியது, பொம்மை நொண்டவில்லை. இருபது கேள்விக்கு ஒன்றன்பின் ஒன்றாக டிக் விழுந்தது.

அண்ணன் மூடியை மூடித் தகடுகளைச் செருகிப் பார்த்தார். முகம் மாறியது.

"லெஃப்ட்ல பாயிண்ட் ஒன்னு. ரைட்ல பாயிண்ட் ரெண்டு."

வித்தியாசம் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர். நான் அவரிடம் முதன்முறையாகக் குரல் உயர்த்தினேன். "நாளைக்கு விட்டா ஒரு வருஷம் ஆகும்ணே!"

"தப்ப தப்புன்னு சொல்லாம வேற எப்டி சார் சொல்றது?" என்றார். சிவப்பு அட்டையை எடுத்தார். கட்டவில்லை, வைத்துக்கொண்டே நின்றார்.

கவிதா கைக்குட்டையால் விசிறிக்கொண்டே கேட்டாள்: "உங்க கம்பெனில இப்டி சின்ன தப்புக்கெல்லாம் திருப்பி அனுப்பினா, வண்டி எப்டிண்ணே வெளிய வருது?"

"அவசரம்னா டீவியேஷன்ல எடுப்பாங்க. தப்பு கீதுன்னு ஒத்துக்கினே எடுக்கறது. ஆனா கஸ்டமர் சரின்னு சொல்லணும்."

"இதுக்கு யாரு கஸ்டமர்?"

அண்ணன் செல்போனை எடுத்து டேனியலை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். மாடல், எடை, சூடு, எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிவிட்டு, "மூடி கேப்பு மட்டும் பாயிண்ட் ஒன்னு வித்தியாசம். நீ அக்செப்ட் பண்றியா?" என்றார்.

"டேய் பேமானி! நாளான்னிக்கு ஃபிளைட்ட வச்சிக்கினு குந்திக்கினு கீறேன், கேப்பாம் கேப்பு! வந்து மூஞ்சிய காட்றா!"

"அக்செப்டடா, ரிஜெக்டடா? அத சொல்லு."

"அக்செப்டட்டுடா சாமி!"

அதுவரை நான் பார்த்தே இராத மஞ்சள் அட்டை ஒன்று பையிலிருந்து வெளிவந்தது. "டீவியேஷன். அனுமதி: டேனியல்" என்று எழுதி மூடியில் கட்டினார். கவிதா கைதட்டிவிட்டு ஓடிப்போய் ஏசியைப் போட்டாள்.

ஞாயிறு நாலு மணி. துணைக்கு நானும் அவர் வீட்டில் உட்கார்ந்தேன். திரை தெளிந்தது. ஆலை வாசல், டீக்கடை, ஆவி பறக்கும் பாய்லர். மூன்று பேர் முகத்தோடு எழுந்து நின்றார்கள். அண்ணனின் பொம்மை தட்டுத்தடுமாறி நடந்து போய்ப் பெஞ்சில் நாலாவதாக உட்கார்ந்தது. பேச்சு ஆறே காலுக்குத்தான் முடிந்தது. பழைய சூப்பர்வைசரைத் திட்டினார்கள், டேனியலை வழியனுப்பினார்கள்.

டேனியல் கட்டிய அந்தப் பெஞ்சின் ஒரு கால் தரையில் படவே இல்லை. நாலு விரல் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. எனக்கே பளிச்சென்று தெரிந்தது. இரண்டேகால் மணி நேரமும் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார், சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் லேப்டாப்பை மூடியதும் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணே, பெஞ்சுக் காலைக் கவனிச்சீங்களா?"

"உக்காரும்போதே பாத்தேன் சார்," என்றார். "நல்லா கீது."