ரெண்டு ஷிப்டுக் கட்சியும் நாற்பத்தேழு ஓட்டும்

கும்மிடிப்பூண்டி,
திங்கட்கிழமை.

அன்புள்ள எபினேசர் அண்ணனுக்குத் தங்கை சாராள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அண்ணியின் முழங்கால் வலிக்குத் தினமும் ஜெபிக்கிறேன்.

அண்ணா, ஊராட்சித் தலைவர் தேர்தலில் தோற்றுவிட்டேன், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்! எதிர்த்து நின்ற வினோதாவுக்கு ஆயிரத்து நூற்று எண்பத்திரண்டு ஓட்டு, எனக்கு நாற்பத்தேழு. பெண்களுக்கான பதவி என்பதால் என்னை நிறுத்திவிட்டு, ஜெயித்ததும் இருபத்திரண்டு வருஷக் கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தானே நாற்காலியில் உட்காருவதென்று உங்கள் மாப்பிள்ளை நாலு வெள்ளை வேட்டி வாங்கி வைத்திருந்தார். மகன் ஜோஷ்வா படிப்பு முடிய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது! தோற்க வேண்டுமென்று ஜெபிக்க வாய் வரவில்லை, ஜெயிக்க வேண்டுமென்று ஜெபிக்க மனசு வரவில்லை. "உமக்குத் தெரியாததா ஆண்டவரே" என்று எழுந்துவிடுவேன்.

கட்சியே பார்த்துக்கொண்டது. நம் கட்சிதான் ஊரில் பாஸ்கர் கோஷ்டி, செங்கல்வராயன் கோஷ்டி என்று பிளந்து கிடக்கிறதே, கம்பெனியிலும் இரண்டும் வேறு வேறு ஷிப்டு. மதிய ஷிப்டு பாஸ்கர் ஆட்கள் காலையில் என்னைக் கிழக்குத் தெருக்களுக்கு இழுத்துப்போய், புகை விடும் கம்பெனியை மூடுவோம் என்பார்கள். காலை ஷிப்டு செங்கல்வராயன் ஆட்கள் சாயங்காலம் மேற்கே இழுத்துப்போய், இன்னும் ரெண்டு கம்பெனி திறப்போம் என்பார்கள். நான் இரண்டுக்கும் கும்பிட்டேன். அடுத்த வாரம் ஷிப்டு மாறியது. காலையில் கிழக்கே வந்தது செங்கல்வராயன் கோஷ்டி. அந்தத் தெரு மணியம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"இன்னா சாராளு, போன வாரம் மூடுறேன்னுகினு வந்த, இந்த வாரம் தொறக்குறேன்ற. நீ இன்னா வாட்ச்மேனா?"

தெருவே சிரித்தது. அடக்க முடியாமல் நானும் மைக்கிலேயே சிரித்துவிட்டேன்.

ஓட்டுப் போடுவதாகச் சத்தியம் பண்ணியவர்கள் என் நோட்டில் பெயர், தெருவோடு அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணி முடித்ததும் பாஸ்கர், "அந்த நாப்பத்தேழும் எங்குளுது" என்றான். "உன் ஊட்டு ஓட்டே வினோதாவுக்குத்தான்பா உழுந்துது" என்றான் செங்கல்வராயன். விலக்கிவிட வினோதாவே வரவேண்டியதாயிற்று.

இன்று காலை ஐந்தரைக்கு இவர் டிபன் பாக்ஸோடு கம்பெனி பஸ் ஏறிவிட்டார். அரசியலுக்கு இந்த வீட்டில் இனி இடமில்லை. உங்கள் ஆரணி வீட்டைக் குறைவில்லாமல் ஆண்டவர் காப்பாராக.

அன்புத் தங்கை,
சாராள்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பாஸ்கரும் செங்கல்வராயனும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். "பிரிஞ்சி கெட்டோம்க்கா. அடுத்த மாசம் கூட்டுறவுச் சங்கத் தலைவர் எலெக்சன் வர்து. உன் ஊட்டுக்காரரு வேலைக்கே போவட்டும், இந்த தபா நீயே பேசு." முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து மாப்பிள்ளையிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்லவேண்டும். வரும்போது உங்கள் சபை மைக்கையும் கேட்டு வாங்கி வாருங்கள். இங்கே இருப்பதில் என் சத்தம் பத்தவில்லை.